செவன் ஸ்டார் கிளப்பின் ஓனர்

சேந்தமங்கலம் அர்த்தனாரிக்குக் கால்பந்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், அவர் ஒரு கால்பந்து கிளப்புக்கு முதலாளி ஆனார் என்று பின்னால் சொல்லும்போது, யாரோ பெரிய விளையாட்டு ரசிகர் என்று நினைத்துக்கொள்வார்கள். அவருக்குத் தெரிந்தது வட்டி. அதையும் ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது தண்ணீர் இல்லாத கிணறு அவர் பங்குக்கு வந்தது. இரண்டு வருஷம் கடலை போட்டுப் பார்த்தார். பிறகு மாட்டை விற்று, அந்தப் பணத்தைக் கடன் கொடுக்க ஆரம்பித்தார்.

கடைக்கு 'மயிலாத்தாள் பைனான்ஸ்' என்று மனைவியின் பெயரை வைத்தார். மயிலாத்தாளுக்கு அதில் இன்றுவரை கோபம். "உங்க பேரை வெச்சா ஊரு உங்களைத் திட்டும். என் பேரை வெச்சு என்னையத் திட்ட வெக்கறீங்க" என்பாள். அவர் சிரித்துக்கொண்டே பில் புத்தகத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார்.

நாமக்கல் தனி மாவட்டமான 1997இல் அவருக்கு வயது நாற்பத்தாறு. தொப்பை, நரைத்த மீசை, பஜாஜ் எம்-80 வண்டி. புதன்கிழமை என்றால் கொல்லிமலை வசூல். காரவள்ளியில் ஒரு டீ குடித்துவிட்டு எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டியை உறுமவிட்டு ஏறுவார். மேலே தேவனூர் நாட்டுச் சிற்றூர்களில் மிளகுக்கும் மரவள்ளிக்கும் முன்பணம் வாங்கியவர்கள் நூறு நூற்றிருபது பேர். அவருடைய வண்டிச் சத்தம் மலை முழுக்கத் தெரியும். அறுபதாவது வளைவில் அவர் திணறும்போதே மேட்டுவளவில் கதவுகள் சாத்த ஆரம்பித்துவிடும்.

"ஏனுங்க, அவரு ஊட்டுல இல்லீங்களே, காட்டுக்குப் போயிட்டாருங்க" என்பது ஒரு வீட்டுப் பதில். பொன்னம்மாள் வீட்டில் இன்னும் சுலபம். கணவனை இழந்தவள், ஒரே மகனோடு இருந்தாள். பூட்டாத கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவளே, "ஊட்டுல ஆளு இல்லீங்க" என்று குரல் கொடுப்பாள். அர்த்தனாரியும், "சரிங்க, வந்தா சொல்லுங்க" என்று கதவிடம் சொல்லிவிட்டு நகர்வார்.

அவர் கெட்டவர் இல்லை. கை நீட்டியதில்லை, ஆள் விட்டு மிரட்டியதில்லை, அண்டா குண்டாவைத் தூக்கியதில்லை. ஆனால் கணக்கு என்று வந்தால் கடுகளவும் விடமாட்டார். ஒருமுறை பொன்னம்மாள் கடைசித் தவணையில் பத்து ரூபாய் குறைத்துக் கொடுத்தாள். அதற்காக அடுத்த புதன்கிழமை, வேறு வசூல் எதுவும் இல்லாத மழை நாளில், எழுபது வளைவும் ஏறிப் போய் அந்தப் பத்தை வாங்கி ரசீது போட்டுக் கொடுத்தார். பெட்ரோலுக்கே இருபத்தைந்து ஆகியிருக்கும். கேட்டால், "முடிக்காத கணக்கு மூலம் மாதிரி, உக்கார விடாது" என்பார். மலையில் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சொல்லும்போது கொஞ்சம் வெறுக்கவும் செய்தார்கள். அவருக்கும் அது தெரியும். பன்னிரண்டு வருஷம் அந்த மலைக்குப் போய் வந்தவருக்கு ஒரு வீட்டில்கூட ஒரு டம்ளர் தண்ணீர் கிடைத்ததில்லை. காரவள்ளியில் குடித்த டீதான் திரும்பிக் காரவள்ளி வரும்வரை.

மேட்டுவளவில் ஒரு கால்பந்துக் குழு இருந்தது. எப்போதோ உண்டு உறைவிடப் பள்ளிக்கு வந்த டிரில் வாத்தியார் ஒருவர், மாற்றலாகிப் போகும்போது பந்தை விட்டுவிட்டுப் போனதில் பிறந்தது. ஏழு பேராக ஆரம்பித்து 'செவன் ஸ்டார் புட்பால் கிளப்' என்று பதிவு செய்தார்கள். பிறகு பதின்மூன்று பேர் ஆகியும் பெயரை மாற்றவில்லை, மாற்ற மறுபடி பணம் கட்ட வேண்டுமாம். மைதானம் என்பது மலைச் சரிவில் வெட்டிய ஒரு படிக்கட்டு நிலம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பந்து பள்ளத்தில் விழுந்தால் எடுத்துவர அரைமணி நேரம் ஆகும், அடித்தவனே இறங்க வேண்டும். அதனால் அங்கே யாரும் பந்தை உயரத் தூக்கி அடிக்கமாட்டார்கள். காலுக்குக் கால், தரையோடு தரையாகக் கொடுத்து வாங்கி ஆடுவார்கள்.

1999 தை மாதம் இந்த கிளப்பின் கேப்டன் செல்வம் சேந்தமங்கலத்துக் கடைக்கு வந்து நின்றான். பொன்னம்மாளின் மகன்தான், வயது இருபத்தைந்து இருக்கும். நாமக்கல்லில் மாவட்டப் போட்டி நடக்கிறது, நுழைவுக் கட்டணம், பனியன், பூட்ஸ், இரண்டு பந்து, எல்லாம் சேர்த்து நாலாயிரத்து எண்ணூறு ரூபாய் வேண்டும் என்றான்.

"ஜாமீனுக்கு என்ன கண்ணு வெப்பீங்க?" என்றார் அர்த்தனாரி.

மலைக்காரர் நிலத்தைக் கீழ்நாட்டுக்காரர் எழுதி வாங்க முடியாது. வழக்கமாக மிளகுக்கொடியைத்தான் அடமானம் பிடிப்பார்கள். ஆனால் செல்வத்தின் கொடிகள் ஏற்கெனவே இவரிடமே அடமானத்தில் இருந்தன. செல்வம் யோசித்துவிட்டு, மஞ்சள் பையிலிருந்து கிளப்பின் பதிவுச் சான்றிதழையும் ரப்பர் ஸ்டாம்பையும் எடுத்து மேஜையில் வைத்தான்.

லாரிக்குக் கடன் கொடுப்பவர்கள் ஆர்.சி. புத்தகத்தை வாங்கிப் பீரோவில் வைத்துக்கொள்வார்கள். அர்த்தனாரிக்கு அந்தச் சான்றிதழ் அப்படித்தான் தெரிந்தது. அச்சடித்த கடன் பத்திரத்தில் 'வாகனம்' என்று இருந்த இடத்தையெல்லாம் அடித்து 'கிளப்' என்று எழுதினார். தவணை தவறினால் மேற்படி கிளப்பை எந்த நேரத்திலும் கைப்பற்ற உரிமை உண்டு. செல்வம் கையெழுத்துப் போட்டான்.

முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டுத் திரும்பினார்கள். அந்த வருஷம் மிளகுக்கொடியில் வாடல் நோயும் விழுந்தது. ஆறு மாதமாக ஒரு தவணையும் வரவில்லை. ஒரு புதன்கிழமை சாயங்காலம் அர்த்தனாரி நேராக மைதானத்துக்கு வண்டியை விட்டார். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. காலடிக்கு உருண்டு வந்த பந்தைக் குனிந்து எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"பத்திரப்படி எடுத்துக்கிட்டேன் கண்ணு. தப்பா நெனைக்காதீங்க."

செல்வம் மூச்சு வாங்க வந்து நின்றான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தார். அவனோ, "பந்தை மட்டும் எடுத்தா எப்படீங்க?" என்று கேட்டான். "பத்திரத்துல கிளப்புன்னுதானுங்க எழுதியிருக்குது. எங்களையுமில்லீங்க எடுத்துக்கோணும்?"

கோல் கம்பத்தில் சாய்ந்திருந்த சின்னுசாமி அதைப் பிடித்துக்கொண்டார். குழுவிலேயே மூத்தவர், நாற்பத்தொரு வயதுக் கோல்கீப்பர், பேச்சில் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டார். "ஆமாங்க. பதிமூணு உருப்படி இருக்குதுங்க. எண்ணி எடுத்துக்குங்க. எனக்கு மொழங்காலு கொஞ்சம் சரியில்லீங்க, அதைப் பாத்து வெலை போட்டுக்குங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அர்த்தனாரிக்கு முகம் சிவந்தது. விட்டுக்கொடுக்க மனசில்லாமல் மறுவாரமே மலைச் சந்தையில் கிளப்பை ஏலம் விட்டார். தவணை தவறிக் கைப்பற்றிய வண்டியை விற்றுத்தானே கடனைக் கழிக்க வேண்டும்? ஒரு வியாபாரி ஒரு மூட்டை மரவள்ளிக்கிழங்கு கேட்டான். இன்னொருவன், சின்னுசாமியைக் கழித்துக்கொண்டால் ஒன்றரை மூட்டை என்றான். அதற்குமேல் ஏலம் ஏறவில்லை.

ஆக, கிளப் அவர் தலையிலேயே விடிந்தது. பந்தை வண்டிப் பெட்டியில் போட்டுக்கொண்டு சந்தையிலிருந்து மேட்டுவளவு வழியாகத் திரும்பினார். ஊருக்குள் நுழைந்ததும் யாரோ, "ஓனரு வாராருங்கோ!" என்று கத்தினார்கள். கேலிதான். ஆனால் அந்தச் சத்தத்துக்குக் கதவுகள் சாத்தவில்லை, திறந்தன. என்னதான் கூத்து என்று பார்க்க ஆட்கள் வெளியே வந்தார்கள். பொன்னம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். பன்னிரண்டு வருஷத்தில் அன்றுதான் அவளை முழுசாகப் பார்த்தார்.

"ஓனருங்களா? எறங்குங்க. ஒருவாய் காப்பி குடிச்சுட்டுப் போங்க."

வெல்லம் போட்ட வரக்காப்பி. அர்த்தனாரி வண்டியிலேயே சாய்ந்து நின்றபடி குடித்தார். டம்ளர் அடியில் தங்கிய வெல்லத்தையும் சுழற்றிக் குடித்தார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஏலம் படுத்துப்போனதைச் சொன்னார், பந்தைக் காட்டினார். காப்பியைப் பற்றி மட்டும் இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னார்.

மயிலாத்தாள், "நாலாயிரத்து எண்ணூறுக்கு ஒரு காப்பியா? பரவாயில்லீங்க, நம்ம ஊட்டுலயே கெடைக்காதது" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பந்தைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று மலை ஏறினார். அதற்கடுத்த ஞாயிறு காற்றடிக்கும் பம்பு வாங்கிக்கொண்டு போனார். அப்புறம் காரணம் தேடுவதையே விட்டுவிட்டார். பாறைமேல் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டு, "அடி கண்ணு, அடி!" என்று கத்துவார். எந்தப் பக்கம் அடிக்க வேண்டும் என்பது பாதி நேரம் தெரியாது. ஆப்சைடு என்றால் என்ன என்று சின்னுசாமி மூன்று தடவை சொல்லிக் கொடுத்தார். "புரிஞ்சுதுங்களா?" "புரிஞ்சுது, புரிஞ்சுது." புரியவில்லை. ஆனால் புதன்கிழமை வசூலுக்குப் போனாலும் கதவு திறந்திருந்தது. பணம் இல்லாதவர்கள் ஒளியாமல், "இந்த வாரம் இல்லீங்க ஓனரு" என்று முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள். போகிற வீட்டில் காப்பி, பலாச்சுளை, சுட்ட கிழங்கு. மனுசனுக்கு ஐம்பது வயதில் இப்படி ஒரு ருசி பழகிவிட்டால் அதை விட முடியாது. இது என்றைக்காவது நின்றுபோகுமோ என்ற பயமும் கூடவே வந்துவிட்டது. பணம் வராது என்று அவர் அவ்வளவு பயந்ததில்லை.

2001 தை மாதம் மாவட்டப் போட்டியில் மறுபடி இறங்கினார்கள். இந்தத் தடவை கட்டணத்தை ஓனரே கட்டினார். முதல் ஆட்டம் ஜெயித்தார்கள். இரண்டாவதும் ஜெயித்தார்கள். அரையிறுதியில் ஒரு கல்லூரிக் குழுவை இரண்டுக்கு ஒன்று என்று அடித்தபோது அர்த்தனாரி வேட்டி அவிழ்வதுகூடத் தெரியாமல் குதித்தார். மைதானத்தின் ஓரத்துக்குப் போகும் பந்தையெல்லாம் மலைப் பையன்கள் உயிரைக் கொடுத்து விழுந்து தடுத்ததைக் கண்டு கூட்டம் முதலில் சிரித்தது. கோட்டுக்கு அப்பால் பள்ளம் இல்லை என்பதை அவர்கள் கால் நம்பவில்லை. கொஞ்ச நேரத்தில் அதே கூட்டம் கைதட்டியது.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவர் அந்தத் தப்பைச் செய்தார். நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்துவிட்டு, ஆளுக்கு ஒரு நூறு ரூபாய் நோட்டைக் கையில் வைத்தார்.

"நல்லா ஆடுனீங்க. ஒருநாள் பொழைப்பை விட்டுப்போட்டு வந்திருக்கீங்க. இது உங்க கூலி. நான் யாருக்கும் பாக்கி வெக்கமாட்டேன்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செல்வம் எதையோ சொல்ல வாயெடுத்தான், சின்னுசாமி அவன் தோளைத் தொட்டார். நோட்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். ஓனர் மட்டும் சீட்டியடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் ஒரு ஆள் இல்லை. அர்த்தனாரி பாறைமேல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஆடு ஒன்று கோல் கம்பத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டு போனது. ஊருக்குள் போனார். சாத்திய கதவுகள். பொன்னம்மாள் வீட்டு முன்னால் நின்று குரல் கொடுத்தார்.

"ஊட்டுல ஆளு இல்லீங்க" என்றது கதவு.

அந்த மூன்று வார்த்தை வாக்கியம் அவரை அடித்துப்போட்டுவிட்டது. பன்னிரண்டு வருஷம் கேட்டுப் பழகிய வாக்கியம்தான், அப்போதெல்லாம் வலிக்கவில்லை. இறுதி ஆட்டத்துக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது. உண்மையில் அவருக்கு அந்த நிமிஷம் இறுதி ஆட்டமே நினைவில்லை. நான் இவர்களுக்கு என்ன செய்துவிட்டேன் என்பதுதான் மண்டையைக் குடைந்தது.

சின்னுசாமியைத் தேடிக்கொண்டு மிளகுக்காட்டுக்குப் போனார். சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து, முப்பதடி உயரத்தில் நின்று சின்னுசாமி மிளகு பறித்துக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்து மரங்களில் மற்றவர்கள். பதிமூன்று பேரும் அங்கேதான் இருந்தார்கள்.

"ஏனுங்க சின்னுசாமி, எம்மேல என்ன கோவம்?" கீழே நின்று அண்ணாந்து கேட்டார்.

"கோவமெல்லாம் இல்லீங்க." மேலிருந்து பதில் வந்தது. "கூலி குடுத்துட்டீங்கல்ல, வேலை முடிஞ்சுதுங்க. கூலிக்கு வந்தவன் பொழுது சாஞ்சா போகவேண்டியதுதானுங்களே."

"நல்லதுக்குத்தானுங்க குடுத்தேன்!"

சின்னுசாமி இறங்கி வந்தார். வெற்றிலையை மடித்துக்கொண்டே, அவருக்கு ஆப்சைடு சொல்லிக் கொடுத்த அதே பொறுமையோடு சொன்னார். அந்தப் பதிமூன்று பேரும் முதலில் மாத்தாள் கூட்டம், அப்புறம்தான் கால்பந்துக் குழு. ஒருநாள் என் காட்டில் பன்னிரண்டு பேர் வந்து பறிப்பார்கள், மறுநாள் நான் அவர்களில் ஒருவன் காட்டுக்குப் போவேன். காசு பேச்சே கிடையாது. பதிமூன்று காடும் சுற்றி வந்தால் பறிப்பு முடியும். முடிந்தபிறகு சாயங்காலம் பந்தாட்டம்.

"கடைசி நாளு என்ன பண்ணுவோம் தெரியுமுங்களா? கடைசிக் காட்டுல ஒரு மரத்தை மட்டும் பறிக்காம உட்டுப்போடுவோமுங்க. அந்த மரம் பாக்கி. அடுத்த வருசம் அங்கிருந்துதான் ஆரம்பிப்போம். மொத்தத்தையும் பறிச்சுட்டா கணக்குத் தீந்துபோகுமுங்க. கணக்குத் தீந்தா கூட்டமும் தீந்துது. அப்புறம் யாரு யாரு காட்டுக்கு வாரது?"

அர்த்தனாரி பக்கத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டார். பத்து ரூபாய்க்கு எழுபது வளைவு ஏறி வந்து ரசீது போட்டுக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு எதை வாங்கிக்கொண்டு போனோம் என்று இப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"இப்ப நான் என்ன பண்றதுங்க?" என்றார்.

"நீங்களும் எங்களாட்டம் காட்டு வேலைக்கு நாளு போடுங்க."

"இந்த ஒடம்பை வெச்சுக்கிட்டு ஏணியிலயா?"

சின்னுசாமி அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஏணி உங்களைத் தாங்காதுங்க. மிதிக்கத் தெரியுமுங்களா?"

பறித்த மிளகுக் கொத்துகளைத் தார்ப்பாயில் கொட்டி, மணி உதிர்வதற்காக வெறுங்காலால் மிதிப்பார்கள். நின்ற இடத்தில் செய்யும் வேலை, அவ்வளவு கடினம் இல்லை என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். மறுநாள் காலை அர்த்தனாரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செல்வத்தின் காட்டில் வந்து நின்றார். பொன்னம்மாள் அந்தப் பதின்மூன்று நூறு ரூபாய் நோட்டுகளையும் கொண்டுவந்து தார்ப்பாயின் ஓரத்தில் ஒரு கல்லுக்கு அடியில் வைத்தாள். அவர் அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு மிதிக்க ஆரம்பித்தார்.

முதல் நாள் பாதம் எரிந்தது. இரண்டாம் நாள் கொப்பளித்தது. மயிலாத்தாள் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே, "ஊரு உலகத்துல வட்டிக்குக் குடுத்தவன் கடன்காரனை மிதிப்பான், நீங்க மிளகை மிதிக்கறீங்க" என்றாள். ஆனால் மூன்றாம் நாள் காலை ஐந்து மணிக்கே எழுந்து கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தாள், பதினாலு பேருக்குக் காணும்படி. காட்டுக்கு ஒருநாள் வீதம் பதிமூன்று நாள். நாலாம் நாளிலிருந்தே சாயங்காலம் பந்து உருள ஆரம்பித்துவிட்டது. ஓனர் பாறைமேல் உட்கார்ந்து இரண்டு காலையும் ஒரு குண்டாத் தண்ணீரில் வைத்துக்கொண்டு கத்தினார். கடைசிக் காடு சின்னுசாமியுடையது. ஒரு மரத்தில் கொத்துக் கொத்தாக மிளகு அப்படியே நின்றது. யாரும் அதைத் தொடவில்லை, அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

இறுதி ஆட்டத்தில் தோற்றார்கள். அழகாக ஆடி, ஒரு கோலில் தோற்றார்கள். இரண்டாம் பரிசு மூவாயிரம் ரூபாய். கோப்பையை ஓனர் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் எல்லோரும் பூட்ஸோடு நிற்க, அர்த்தனாரி மட்டும் பாதத்தில் துணி சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு நிற்பார்.

மிளகு விற்று முடிந்த பிறகு, சித்திரையில் ஒருநாள் பதிமூன்று பேரும் சேந்தமங்கலம் கடைக்கு வந்தார்கள். பெஞ்சில் இடம் போதாமல் பாதிப் பேர் வாசலில் நின்றார்கள். செல்வம் மஞ்சள் பையைப் பிரித்தான்.

"பரிசுப் பணமும் மிளகுப் பணமும் சேத்திருக்கோமுங்க. கிளப்புக் கடனை அடைச்சுப்போடலாம்னு வந்தோம்."

அர்த்தனாரி பீரோவைத் திரும்பிப் பார்த்தார். கடன் அடைந்தால் அடமானத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதுதான் தொழில் தர்மம். சான்றிதழ் போனால் அப்புறம் இவர் எந்த ஊர் ஓனர்? வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. வாங்கவில்லை என்றால் அவர்களுக்குக் கௌரவக் குறைவு. நோட்டைப் புரட்டி வட்டியைக் கணக்குப் போட்டார்.

"அசலும் வட்டியும் ஆறாயிரத்து எழுநூத்தி இருபது கண்ணு."

செல்வம் பணத்தை மேஜையில் வைத்தான். அவர் பீரோவைத் திறந்து சான்றிதழையும் ரப்பர் ஸ்டாம்பையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"பத்து ரூபா கொறையுது கண்ணு."

"தெரியுமுங்க" என்றான் செல்வம்.

"எப்பத் தருவீங்க?"

"தரமாட்டமுங்க."

அர்த்தனாரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. சின்னுசாமி மட்டும் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"கடைசி மரமுங்க ஓனரு. அது நிக்கட்டும்."

அர்த்தனாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு சான்றிதழையும் ஸ்டாம்பையும் எடுத்து, வந்த வழியே பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். நோட்டில் 'பாக்கி ரூ. 10' என்று எழுதினார். அவர் கையெழுத்தில் அவ்வளவு பெரிய எழுத்தை மயிலாத்தாள் அதற்குமுன் பார்த்ததில்லையாம்.

அவர் பைனான்ஸ் தொழிலை 2004இல் நிறுத்திவிட்டார். எல்லாக் கணக்கும் முடிந்தது, ஒன்றைத் தவிர. அதனால் புதன்கிழமை மலை ஏறுவது மட்டும் நிற்கவில்லை. காரவள்ளியில் டீ குடிப்பதை விட்டுவிட்டார், மேலே போய்க் குடித்துக்கொள்ளலாம் என்று. மேட்டுவளவில் பொன்னம்மாள் வீட்டு முன்னால் எம்-80 வந்து நிற்கும். கதவு திறந்தேதான் இருக்கும்.

"யாருங்க?"

"பைனான்ஸுங்க. அந்தப் பத்து ரூபா பாக்கிக்கு வந்தேன்."

"இந்த வாரம் இல்லீங்களே ஓனரு" என்பாள் பொன்னம்மாள், காப்பியை ஆற்றிக்கொண்டே. "அடுத்த வாரம் வாங்க."